அண்ணன் வரவில்லை

செத்துப்போன மனிதரின் கைபேசிக்கு அழைப்பு வந்திருந்தது. சிறுநீரகம் பெற்றவர்களும் தந்தவர்களும் ஒருநாள் சேர்ந்து நடக்கலாம், காட்டுப் பாதையில் போய் வயல்வெளி வழியாகத் திரும்பலாம், பெற்றவர்களுக்கு மாஸ்க் கட்டாயம், மாற்றுக் காலுறையும் அவசியம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எல்லோருக்குமாகத் தட்டிவிட்ட செய்தி அது. இறந்தவரின் எண்ணை எடுத்துவிட யாருக்கோ மறந்து போயிருக்கிறது. அவருடைய மனைவி அதைப் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?"

"இல்லண்ணி."

"அப்ப ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம். உங்க அண்ணனைக் கூப்பிட்டிருக்காங்க."

"சரி அண்ணி" என்றான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் கூடிவரவில்லை, அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோகும் லிஃப்டுகளை மறுபடி ஓட வைப்பது அவன் பிழைப்பு. முன்பெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு கதவுக்கு வெளியிலிருந்தே பேச்சுக் கொடுப்பான். "பயப்படாதீங்கம்மா, இதைவிட மோசமா எங்க மேனேஜர் ரூம்லயே நான் மாட்டியிருக்கேன்" என்பான். உள்ளே அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிடுவார். இப்போது பேசாமல் கதவைத் திறந்து, பேசாமல் கையைக் கொடுத்து வெளியே இழுத்துவிட்டு, அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுகிறான்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் வாயில் தேன் ஒழுகும். வீட்டுக்குள் காலை வைத்ததும் எரிந்து விழுவார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், மூன்று வருஷம் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் இயந்திரத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். தம்பியுடையது பொருந்தும் என்று சொன்னபோது தம்பி யோசிக்கக்கூட இல்லை. கொடுத்துவிட்டான். சொந்தக்காரர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "நீ மனுஷனே இல்லப்பா, தெய்வம்" என்றார்கள். ஒரு வருஷம் முழுசாக ஆவதற்குள் குளிர்காலம் வந்தது, அண்ணனுக்குச் சளி பிடித்தது, சளி நெஞ்சில் இறங்கி நுரையீரல் கைவிட்டது. டாக்டர் அவன் தோளில் கை வைத்து, "உங்க கிட்னி கடைசி வரைக்கும் நல்லாத்தான் வேலை செஞ்சுது" என்றார். பாராட்டுகிறாரா, ஆறுதல் சொல்கிறாரா என்று அவனுக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினான்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெய்வத்துக்கு எப்படி ஆறுதல் சொல்வது? அவனும் யாருக்கும் அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, வாசற்கதவு சரியாகச் சாத்தாமல் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்க் கீலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். "கல்லு மாதிரி இருக்கானே" என்று அத்தை ஒருத்தி முணுமுணுத்தது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஸ்க்ரூவை முடுக்கினான்.

*

டவுன் பஸ் இருவரையும் காட்டின் ஓரத்தில் இறக்கிவிட்டபோது, குடை விரித்தால் அசடாகத் தெரியும், விரிக்காவிட்டால் நனைந்து போகும் என்கிற மாதிரி ஒரு தூறல். மரங்களின் உச்சி மூடுபனிக்குள் போய்விட்டிருந்தது. அடிமரங்கள் எல்லாம் ஊறிக் கறுத்து நின்றன.

இருபது பேருக்கு மேல் இருக்கும். பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமை நர்ஸ், தோளில் ஒரு மூட்டை காலுறைகளோடு ஓடி ஓடி ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கினவங்க எல்லாம் மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க! சேத்துல கையை வைக்காதீங்க! கையை வச்சுட்டா வாயில வைக்காதீங்க!" கூட்டத்தில் எல்லோரும் இரண்டிரண்டாக நின்றார்கள். கணவனும் மனைவியும், அம்மாவும் மகனும், அண்ணனும் தங்கையும். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்பது மாஸ்க்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மளிகைக்கடைக்காரர் ஒருவர் தன் மனைவியைக் காட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா இவ என் உயிரை எடுத்தா. போதும்னு பாத்து ஒரு சாமானைத் திருப்பிக் குடுத்துட்டா."

"குடுத்த சாமான் என்னை மாதிரியே பிடிவாதம் சிஸ்டர்" என்றாள் மனைவி. "அதனாலதான் இந்த மனுஷன் இப்ப நேரத்துக்கு எந்திரிக்கிறார். அவரா எந்திரிக்கல. அது எழுப்பி விடுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். அப்போதுதான் பெரிய சிஸ்டர் அவளைப் பார்த்தாள். மூட்டை தோளிலிருந்து நழுவியது. அண்ணன் மூச்சு அடங்கிய அன்று பக்கத்தில் நின்றவள் இந்த சிஸ்டர்தான்.

"ஐயோ, உங்களுக்கும் மெசேஜ் வந்துடுச்சா? நான் பாத்திருக்கணும். என் தப்பு…"

"உங்க தப்பு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நாங்களா வந்தோம்" என்றாள் அண்ணி. "வீட்டுல உக்காந்து என்ன பண்றது?"

சிஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு இருவரையும் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தணித்தாள். "ஒரு விஷயம். அங்க நீலக் கோட்டு போட்டு ஒரு பொண்ணு நிக்குது பாருங்க. நீச்சல் டீச்சர். அவங்க அக்காவுக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு குழம்பிக் கெடக்குது. நான்தான் நாலு பேரைப் பாத்தா தெளிவு வரும்னு கூட்டிட்டு வந்தேன். நான் எதையும் மறைக்கச் சொல்லல. கொஞ்சம்… பாத்துப் பேசுங்க."

"நான் ஏன் பேசப் போறேன் சிஸ்டர்" என்றான் அவன்.

*

பாதை ஒடுக்கமாக இருந்தது. உதிர்ந்த இலைகள் ஊறி மெத்தை மாதிரி கிடந்தன. கால் வைத்தால் சத்தம் வருவதற்குப் பதில் தண்ணீர் வந்தது. விழுந்த மரம் ஒன்றின் மேல் காளான்கள் அடுக்கடுக்காக முளைத்திருந்தன. மளிகைக்கடைக்காரர் அவற்றைப் பார்த்து நிற்க, "தொடாதீங்க!" என்று பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. "தொடலம்மா, வியாபாரி கண்ணு, சும்மா பாத்தேன்" என்றார்.

அண்ணி முன்னால் யாருடனோ பேசிக்கொண்டு நடந்தாள். அவன் கடைசியில் வந்தான். நனைந்த காலணிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது தெரிந்தது. வேறு ஒருவருடைய காலணிக்குள் புகுந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

நீலக் கோட்டு நின்று, அவன் வரும்வரை காத்திருந்து, கூடச் சேர்ந்துகொண்டது. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அகலமான தோள்கள்.

"நீங்க குடுத்தவங்கதானே?"

"ஆமாங்க."

"யாருக்கு?"

"அண்ணனுக்கு."

"அவர் வரலையா?"

"வரல."

அந்தச் சொல்லில் பொய் ஏதும் இல்லை. அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. "இந்த ஈரத்துல வீட்டுலயே இருக்கறதுதான் நல்லது" என்று அவளே சொன்னாள். "நீங்கதான் வர வேண்டாம்னு சொன்னீங்களா?"

விளக்கம் சொல்ல வேண்டும் என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை நினைத்தாலே அவனுக்கு அலுப்பாக இருந்தது. "ம்" என்றான்.

அந்த ஒரு 'ம்'மைப் பிடித்துக்கொண்டு அவள் மனதைத் திறந்துவிட்டாள். "எங்க அக்கா என்கிட்ட கேக்கவே மாட்டேங்குறா. டெஸ்ட் எடுத்தாச்சு, பொருந்துதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. அது அவளுக்கும் தெரியும். ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா முடியாதுன்னாவது சொல்லலாம். கேக்காம இருக்கறவகிட்ட எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?"

அவன் பாதையின் குறுக்கே நீட்டியிருந்த ஈரக் கிளையை அவளுக்காக ஒதுக்கிப் பிடித்தான்.

"எனக்கு இந்த உடம்புதான் சோறு போடுது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணிக்குள்ள நிக்கணும். வலிச்சுதா உங்களுக்கு?"

"மொத ரெண்டு வாரம் இருமினா உயிர் போகும். இப்ப வலி இல்ல. வெட்டின இடத்தைச் சுத்தித் தோல் மரத்துப் போச்சு. தொட்டா வேற யாரையோ தொட்ட மாதிரி இருக்கும்."

"வேலை?"

"பழையபடி செய்யறேன். லிஃப்ட் மெக்கானிக் நான், லிஃப்ட் பள்ளத்துல ஏறுறேன், இறங்குறேன். ஒண்ணும் குறையல."

இதெல்லாம் உண்மை. இப்படி உண்மையாகவே பேசிக்கொண்டு போய் முடித்துவிடலாம் என்று அவன் நினைத்த நேரத்தில், முன்னால் போன அண்ணி ஒரு திருப்பத்தில் நின்று காலணியிலிருந்து சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் அவளை எட்டிவிட்டார்கள். "எங்க அண்ணி" என்றான் அவன்.

"இவங்கதான் அண்ணியா? உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தோம். வராம இருந்துட்டாராமே. இப்ப எப்படி இருக்கார்?"

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் இருந்த மரத்தைப் பார்த்தான்.

"நல்லா இருக்கார்" என்றாள் அண்ணி.

சொன்னவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நடக்கத் தொடங்கினாள், பேசவும் தொடங்கினாள். "நல்லா இருக்கார்ங்கறதுக்காக நல்லவரா இருக்கார்னு நெனச்சுக்காதீங்க. உடம்பு தேறினதும் பழைய கோபமும் தேறிடுச்சு. காலையில பேப்பர் வர லேட்டானா என்னைத்தான் திட்டுவார். நானா பேப்பர் போடுறேன்?"

நீச்சல் டீச்சர் சிரித்தாள். "வேலைக்குப் போறாரா?"

"போகாம? டிரைவிங் ஸ்கூல் இருக்கே. இப்பக்கூட யாருக்காவது ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்துட்டு இருப்பார். போன வாரம் ஒரு அம்மா பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பூச்சட்டிக் கடைக்குள்ள காரை விட்டுடுச்சு. இவர் எறங்கி, கடைக்காரன்கிட்ட, 'அந்த ரோஜாச் செடி நல்லா இருக்கே, என்ன விலை'ன்னு கேட்டாராம்."

"அது போன வாரம் இல்லண்ணி" என்றான் அவன். "அதுக்கு முந்தின வாரம்."

சொல்லிவிட்டுத் தன் வாயையே நம்ப முடியாமல் நடந்தான். அந்தப் பூச்சட்டி விவகாரம் நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அண்ணி ஒரு கணம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, முந்தின வாரம்" என்று திருத்திக்கொண்டு மேலே போனாள். அண்ணன் மாடிப்படி ஏறுவது, ஆரஞ்சுப்பழத்தை உரித்துச் சுளையை ஜன்னலோரம் வரிசையாகக் காய வைத்துத் தின்பது, தூக்கத்தில் 'கிளட்ச், கிளட்ச்' என்று காலை உதைப்பது… அவள் சொல்லச் சொல்ல அந்த மனிதர் இவர்கள் கூடவே சற்று முன்னால் நடந்து போவது போலிருந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். அவன் நடையின் வேகத்தை மாற்றவில்லை.

*

காடு சட்டென்று முடிந்தது. எதிரே முட்டைக்கோஸ் வயல், அதற்கப்பால் அறுவடை முடிந்து சோளத்தட்டை நிற்கும் வயல், வேலிக்குப் பின்னால் நனைந்த மாடுகள். தூறல் வலுத்து நிஜ மழையானது. "எல்லாரும் ஷெட்டுக்குள்ள!" என்று சிஸ்டர் கத்தினாள். வயலோரத்தில் டிராக்டர் நிறுத்தும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. இருபது பேரும் டிராக்டரைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். டீசலும் சாணமும் ஈரத் துணியும் கலந்த வாடை. ஃபிளாஸ்க்குகள் திறந்தன, பேப்பர் கப்பில் டீ சுற்றி வந்தது.

நீச்சல் டீச்சர் அண்ணியை விடவே இல்லை. டிராக்டரின் பெரிய டயரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க" என்றாள். "அவர்கிட்ட ரெண்டே வார்த்தை பேசட்டுமா? குடுத்தவங்க நாலு பேர்கிட்ட பேசிட்டேன். வாங்கினவங்க மனசுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியணும். இங்க இருக்கறவங்க, குடுத்தவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மனசு விட்டுச் சொல்ல மாட்டாங்க. எங்க அக்கா சொல்ல மாட்டேங்குறா. முன்ன பின்ன தெரியாத ஆள் சொல்லலாம் இல்லையா? நம்பர் சொல்லுங்க."

அண்ணிக்கு அந்த எண் மனப்பாடம். எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன எண். கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீச்சல் டீச்சர் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

அண்ணியின் கைப்பைக்குள் போன் அடித்தது.

முதலில் நீச்சல் டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்குப் போன் வருது, எடுங்க" என்று சைகை காட்டினாள். அண்ணி பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தையும் மீறி அடித்தது. நீச்சல் டீச்சர் காதிலிருந்து கைபேசியை எடுத்துத் திரையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு நிறுத்தினாள். பையும் நின்றது.

"அண்ணன் இறந்துட்டார்" என்றான் அவன். "போன குளிர்காலத்துல."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் கப்பைக் கீழே இறக்கினார். பெரிய சிஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்து வரப் பார்த்தாள், இடமில்லை.

"பின்ன ஏன் இருக்கார்னு சொன்னீங்க?"

"நான் வரலைன்னு மட்டும்தான்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "தப்புதாங்க."

"தப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. நான் என்ன, வழி கேட்டேனா உங்ககிட்ட? என் உடம்பை அறுத்துக் குடுக்கலாமா வேண்டாமான்னு கேட்டேன். பூச்சட்டிக் கதை சொல்றீங்க!" அவள் குரல் உடைந்தது. கோட்டின் தொப்பியைத் தலைமேல் இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே அந்த நீலம் வேகமாகச் சிறுத்துக்கொண்டு போனது.

அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வெட்கம் வரட்டும் என்று சற்று நேரம் காத்துப் பார்த்தான். வரவில்லை. கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்தான்.

"வாங்க தம்பி" என்றாள் அண்ணி. "அந்தப் பொண்ணு தனியா போகுது."

*

வயலைக் கடந்தால் வாய்க்கால். மழையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை தொட ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு பலகை. அதைத் தாண்டினால்தான் பஸ் நிற்கும் சாலை. நீச்சல் டீச்சர் தாண்டிப் போய் அக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். போயிருக்கலாம், போகாமல் நின்றிருந்தாள்.

அண்ணி பலகையில் ஒரு காலை வைத்தாள். வழுக்கியது. எடுத்துவிட்டாள்.

"தண்ணியைப் பாக்காதீங்க" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது. கோபம் தீராத குரல்தான், ஆனால் தினமும் பயந்தவர்களைக் குளத்தில் இறக்கிப் பழகிய குரல். "என் கையை மட்டும் பாருங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க. நிக்காதீங்க, வந்துட்டே இருங்க."

அண்ணி வந்துகொண்டே இருந்தாள். நீட்டிய கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அவன் பின்னால் வந்தான். மற்றவர்கள் இன்னும் வயலுக்கு அந்தப் பக்கம் குடைகளோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நாள் இருந்தார்?" என்று கேட்டாள் நீச்சல் டீச்சர்.

"ஒரு வருஷம் ஆகல" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்காகவா இவர் குடுத்தார்?"

அண்ணி பக்கத்தில் இருந்த வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளிகள். அவற்றைத் துடைக்காமலே பேசினாள். "மூணு வருஷம் அவர் தண்ணியை அளந்துதாம்மா குடிச்சார். நாக்கு வறண்டா ஒரு ஐஸ் துண்டு. அவ்வளவுதான் அனுமதி. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு, ஜக்கை அப்படியே தூக்கி வாயில கவுத்துக்கிட்டார். சட்டையெல்லாம் தண்ணி. நான் திட்டினேன். 'நீ திட்டு, நான் குடிக்கிறேன்'னார். மூணு வருஷமா ஒண்ணுக்கே சரியாப் போகாத மனுஷன், அன்னிக்கு ராத்திரி எத்தனை தடவை பாத்ரூமுக்கு எந்திரிச்சார்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வந்து என்னைத் தட்டி எழுப்பி, 'ஏய், போயிட்டு வந்தேன்'னு பெருமையாச் சொல்லுவார். தூங்க விடல மனுஷன்."

நீச்சல் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்போ என்று கையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணியும் சிரித்தாள். அப்படியே சிரித்துக்கொண்டு நின்றவளின் முகம் மெல்ல மாறியது. வேலிக்கம்பில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தாள். நீச்சல் டீச்சர் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தண்ணீர்க் கதை அவனுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவன் தன் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். யாரும் சொல்லவும் இல்லை. அண்ணனும் சொன்னதில்லை; அவர் தம்பியிடம் ஒருநாள்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"நீங்க சொல்லுங்க" என்று அவள் அவனைப் பார்த்துக் கேட்டாள். "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. குடுத்ததுக்கு வருத்தப்படுறீங்களா?"

அவன் உள்ளே பார்த்தான். லிஃப்ட் இறங்கும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்து எட்டிப் பார்ப்பது போல, நிதானமாகப் பார்த்தான்.

"தெரியலைங்க. வருத்தமும் வரல, சந்தோஷமும் வரல. எல்லாரும் ஏதாவது ஒண்ணை எதிர்பாக்குறாங்க. எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது. குடுத்தேன், அவர் போயிட்டார். அவ்வளவுதான் தெரியுது. இதுக்கு மேல என்ன சொன்னாலும் அது இன்னொரு பொய்யாப் போயிடும்."

அவள் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்தவங்க எல்லாரும் குடுத்தது எவ்வளவு சந்தோஷம்னுதான் சொன்னாங்க" என்றாள். "சந்தோஷம் வரலைன்னா என்ன பண்றதுன்னு எனக்குப் பயமா இருந்துச்சு."

"வரலைன்னா ஒண்ணும் ஆகாது. வேலைக்குப் போகலாம்."

அது ஆறுதலா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் மட்டும் தலையை ஆட்டினாள்.

*

பஸ்ஸில் ஏறியதும் பெரிய சிஸ்டர் ஒவ்வொருவருடைய காலையும் பரிசோதித்தாள். ஈரக் காலுறையைக் கழற்ற வைத்து, மூட்டையிலிருந்து உலர்ந்தது எடுத்துக் கொடுத்தாள். மளிகைக்கடைக்காரர், "சிஸ்டர், என் சைஸ்ல கறுப்பு இருக்கா, இது பேண்டுக்குச் சேரல" என்று கேட்டு மனைவியிடம் இடி வாங்கினார். அவன் முறை வந்தபோது சிஸ்டர் அவன் பாதத்தைக் கையில் எடுத்துவிட்டுத் திடுக்கிட்டாள்.

"ஐஸ் மாதிரி இருக்கே. வெரலெல்லாம் வெளுத்துப் போச்சு. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல சிஸ்டர்."

அவளே துவட்டி, அவளே மாட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, பாத்துப் பேசுங்கன்னு" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டாள்.

பஸ் கிளம்பிக் கொஞ்சதூரம் வந்த பிறகு அண்ணி கேட்டாள். "என் மேல கோபமா தம்பி? நான்தான் இழுத்துக்கிட்டே போயிட்டேன்."

"இல்லண்ணி. நானும்தானே வாரத்தை மாத்திச் சொன்னேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து அவரைக் கொஞ்ச நேரம் வச்சிருந்தோம்" என்றாள் அண்ணி. பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

நீச்சல் டீச்சர் அதற்குப் பிறகு அண்ணிக்கு அடிக்கடி போன் செய்தாள். அவளே நேராகப் போய், "ஏன்க்கா என்கிட்ட கேக்க மாட்டேங்குற?" என்று அக்காவைக் கேட்டுவிட்டாளாம். "நீ இல்லன்னு சொன்னா அப்புறம் உன் முகத்துல எப்படி முழிக்கறது" என்று அக்கா சொன்னாளாம். இருவரும் ஒரு நாள் பூராவும் சண்டை போட்டு, அழுது, மறுபடி சண்டை போட்டிருக்கிறார்கள். குளிர் தொடங்குவதற்குள் ஆபரேஷன் முடிந்தது. "ரெண்டு பேரும் எந்திரிச்சு நடக்குறாங்களாம். உங்களையும் வரச் சொன்னா தம்பி" என்றாள் அண்ணி.

போனான். வார்டில் அடுத்தடுத்த கட்டில். ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அக்காவும், சாத்தியே வைக்க வேண்டும் என்று தங்கையும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருவருக்கும் பஞ்சாயத்து செய்தாள். தங்கை பக்கவாட்டில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, சிரிக்கவும் பயந்து, "இருமினா உயிர் போகுதுன்னு சொன்னீங்க, இவ்வளவுன்னு சொல்லலையே" என்று அவனிடம் சண்டைக்கு வந்தாள். "சொன்னா குடுத்திருக்க மாட்டீங்க" என்றான். அக்கா அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவனும் கைகூப்பினான்.

அவர்களைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே இருந்தான்.